கால் யார் பொறுப்பில் இருந்தது?

மருத்துவ இயக்குநர் அவர்களுக்கும் அறுவை அரங்கக் குழுவினருக்கும்,

உங்களிடம் புற்றுநோய் ஆபரேஷனுக்கு வந்த என் கணவரின் இடது கால் கெட்டுப்போனதைப் பற்றிய என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. ஒரு பக்கம்தான். நீண்ட நேர ஆபரேஷன்களில் அரிதாக வரக்கூடிய, மருத்துவ உலகம் அறிந்த சிக்கல் இது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது. சிகிச்சையில் குறைபாடு இல்லை. எனவே புகார் முடித்து வைக்கப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். முடித்து வைப்பதற்கு முன் யாரை விசாரித்தீர்கள் என்று அதில் இல்லை. தியேட்டரில் என் கணவரின் காலைத் தூக்கி ஸ்டிரப்பில், அதாவது மேஜையின் கால் தாங்கியில், வைத்தவர் யார், எத்தனை மணிக்கு வைத்தார், எத்தனை மணிக்கு இறக்கினார் என்பதும் இல்லை. நான் கேட்டதே அந்த மூன்றும்தான்.

அதனால் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே போடவில்லை. தபாலில் உங்களுக்கு வரும் பிரதியில் இருக்கிறது. பெயர் இல்லாமல் படிக்கும் வேறு மருத்துவமனைக்காரர்கள் தங்கள் தியேட்டரிலும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் எனக்குச் சம்மதமே.

என் கணவருக்கு மலக்குடலில் புற்றுநோய். சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கட்டியை எடுத்தீர்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது, ஓரங்களில் நோய் இல்லை என்று பயாப்சி சொன்னது. அந்த வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, சர்ஜன் மேல் இன்றும் மரியாதை இருக்கிறது. குறை வயிற்றில் இல்லை. நோயே இல்லாத இடது காலில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு நடந்து போனவர் அவர்.

பதிவேடுகளைக் கேட்டபோது முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்தார்கள். மருத்துவர்களின் நடத்தை விதிகள் 2002-இல் வந்தவை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று அவற்றில் இருப்பதை எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகுதான் மயக்க மருந்து சார்ட்டும் தியேட்டர் நர்ஸ் பதிவும் கைக்கு வந்தன. சார்ட் மிக ஒழுங்காக இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன். எந்த மருந்து எத்தனை மில்லி, ரத்தம் எவ்வளவு போயிற்று, சிறுநீர் எவ்வளவு வந்தது, எல்லாம் இருக்கிறது. பஞ்சையும் ஊசியையும் எண்ணிச் சரிபார்த்த கையெழுத்தும் இருக்கிறது. கால்களைப் பற்றி அந்தக் காகிதங்கள் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே சொல்: ‘லித்தாட்டமி’. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நான்கு தாண்டி முடிந்த ஆபரேஷனில், மனித உடம்பின் இரண்டு கால்களுக்கு ஒரு சொல்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். லித்தாட்டமி என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தொடைகளை விரித்து, கால்களைத் தூக்கித் தாங்கிகளில் வைப்பது. பிரசவ மேஜையில் படுத்த பெண்களுக்கு அது தெரியும். மலக்குடல், சிறுநீர்ப்பை, கருப்பை ஆபரேஷன்களுக்கு இப்படி வைத்தால்தான் கை எட்டும். அதோடு, குடல் இடுப்புப் பக்கம் சரியாமல் இருக்க மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துவார்கள். இப்போது கால் இதயத்தைவிட நல்ல உயரத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் காலில் ரத்த அழுத்தம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் பாதரசம் குறைகிறது. 40 சென்டிமீட்டர் தூக்கினால் 30 புள்ளிக்கு மேல் குறைந்துவிடுகிறது. தெருக்குழாயில் பாய்கிற தண்ணீர் மூன்றாவது மாடியில் நூலாக வருவதைப் போல. கையில் கட்டிய கருவி 110-க்கு 65 என்று காட்டிக்கொண்டிருக்கும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். கெண்டைக்காலில் என்ன நிலவரம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது. தாங்கியில் கெண்டைக்கால் அழுந்திக் கிடக்க, ரத்தமும் குறைவாக வர, தசை மணிக்கணக்கில் பட்டினி கிடக்கிறது. காலை இறக்கியதும் ரத்தம் திரும்பப் பாயும். பட்டினி கிடந்த தசை அப்போது வீங்கும். வீங்க இடம் இல்லாததால் உள்ளே அழுத்தம் ஏறும், சின்ன ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும், வீக்கம் இன்னும் கூடும். இதற்குக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். எலும்பு முறிந்தவர்களுக்கு வருவது எல்லா மருத்துவமனைக்கும் பழக்கம். அடியே படாத காலில் ஆபரேஷன் மேஜையாலேயே வருவதுதான் இது. நோயாளியின் டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) அறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் இடைவெளி 30-க்குக் கீழே வந்துவிட்டால் உறையை வெட்டித் திறந்துவிட வேண்டும் என்கிறது எலும்பியல். சுமார் 6 மணி நேரம் தாமதித்தால் தசை திரும்பாது. நரம்பு அதற்கு முன்பே கெட ஆரம்பித்துவிடும்.

எங்களுக்கு அந்த மணி நேரங்கள் வார்டில் கழிந்தன. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

மயக்கம் தெளிந்து வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்னது வயிற்றைப் பற்றி இல்லை. “கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழியிற மாதிரி இருக்கு” என்றார். சிஸ்டரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒரே மாதிரி படுத்திருந்ததால் அப்படித்தான் இருக்கும், காலையில் சரியாகிவிடும் என்றார். வலி கூடியது. முதுகில் எபிடியூரல், அதாவது மெல்லிய குழாய் வழியாக வலி மரக்கும் மருந்து, போட்டிருந்தார்கள். டியூட்டி டாக்டர் வந்து அதன் அளவைக் கூட்டினார். கொஞ்ச நேரம் அடங்கியது, மறுபடி வந்தது. எபிடியூரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதையும் மீறி ஒரு காலில் மட்டும் வலி ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. வெட்டிய வயிறு வலிக்கவில்லை, தொடாத கால் வலிக்கிறது. மருத்துவம் படிக்காத எனக்கே இது உறுத்தியது. இரண்டாவது டாக்டர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று போனார். இந்தச் சிக்கலில் பாதத்தின் துடிப்பு கடைசி வரைக்கும்கூட இருக்கும், அதை வைத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் ரத்தக் கட்டியாக இருக்குமோ என்று ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். அது நார்மல் என்று வந்தது. நார்மல் என்ற அந்த ஒரு வார்த்தையில் மதியம் வரை போயிற்று. அப்புறம் யூரின் பையில் நிறம் மாறியது. கோலா நிறம். செத்த தசையிலிருந்து இறங்கும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கும்போது வரும் நிறம் அது. அப்போதுதான் எலும்பு டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? காலில் போட்டிருந்த நீளக் காலுறையைக் கழற்றச் சொன்னார். ரத்தம் கட்டாமல் இருக்கத் தியேட்டரிலேயே மாட்டிய காலுறை அது. அந்த நேரம் வரை, வலி என்று என் கணவர் அலறிய காலை உங்கள் டாக்டர்களில் ஒருவர்கூடக் காலுறையைக் கழற்றிப் பார்க்கவில்லை. கெண்டைக்கால் பளபளவென்று மரக்கட்டையாக இருந்தது. எலும்பு டாக்டர் பெருவிரலைப் பிடித்து மெல்லக் கீழே வளைத்தார். என் கணவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு என்னிடம் கையெழுத்து வாங்க வந்தார் அவர். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஸ்கேன் இல்லை, மெஷின் இல்லை, ஒரு காலுறையும் ஒரு விரலும்.

காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்து வைத்தார்கள். செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். சிறுநீரகம் டயாலிசிஸ் வரை போய்த் திரும்பியது. புண்ணை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்க வேண்டிய கீமோ இதனால் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்று இன்னும் யாராலும் சொல்ல முடியவில்லை.

என் கணவர் பைக் மெக்கானிக். சொந்தப் பட்டறை. இடது பாதம் மேலே தூக்காது, தொங்குகிறது. பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டுத்தான் நடக்கிறார். வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் கஸ்டமரிடம் கொடுப்பார், அது அவருடைய கெளரவம். கியர் லீவர் இடது காலில்தானே இருக்கிறது. விரலால் தூக்கிக் கியர் மாற்ற முடியாது. குதிகாலால் மிதிக்கிற லீவர் உள்ள வண்டிகளை மட்டும் ஓட்டிப் பார்க்கிறார், மற்றதைப் பையனிடம் கொடுத்துவிட்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி வாசலில் நிற்கிறார். குத்த வைத்து உட்கார முடியாத மெக்கானிக்குக்குப் பட்டறையில் என்ன வேலை மிஞ்சும் என்று உங்கள் பிசியோதெரபி துறையைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் ‘அரிது’க்கு வருகிறேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 5,72,498 ஆபரேஷன்களை அலசி 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாதாரணமாக மல்லாக்கப் படுக்க வைத்தவர்களில் 92,441 பேரில் ஒருவருக்கு இது வந்தது. லித்தாட்டமியில் 8,720 பேரில் ஒருவருக்கு. பத்து மடங்குக்கு மேல். ஆபரேஷன் நீள்வதும் ஒரு முக்கியக் காரணமாக அதில் தெரிந்தது. சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கிற மாதிரியான நீண்ட ஆபரேஷன்களில் 500-க்கு ஒருவர் வரை இருக்கலாம் என்று பிரிட்டனில் 2005-இல் வந்த கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. அரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேஜையில் காலை எப்படி வைக்கிறோம், எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கூடிக் குறைகிற ஒன்றைத் தலைவிதி மாதிரி எழுதி அனுப்பாதீர்கள். தடுக்கும் வழிகளும் பெரிய செலவில்லாதவை. வயிற்றுப் பக்க வேலை நடக்கும்போது கால்களைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம், கீழ்ப்பக்க வேலை வரும்போது மட்டும் உயர்த்தலாம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி ரத்தம் ஓட விடலாம். எடை கெண்டைக்காலில் இறங்காமல் குதிகாலில் இறங்கும் பூட் வகைத் தாங்கிகளைப் பயன்படுத்தலாம். அசிஸ்டென்ட் யாரும் கால் மேல் சாய்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளலாம். 4 மணி நேரம் தாண்டினால் ஆபத்து கூடுகிறது என்று இந்த விஷயத்தைப் பற்றிய கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நோயாளியின் ஒப்புதல் பற்றிய சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்ன தீர்ப்பை நானும் படித்தேன். மிக அரிதான ஆபத்துகளையெல்லாம் நோயாளியிடம் வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் அதில் இருக்கிறது. சரி, எங்களிடம் சொல்லவில்லை, விட்டுவிடுகிறேன். எங்களிடம் சொல்லத் தேவையில்லாததைத் தியேட்டரில் இருப்பவர்களும் நினைவில் வைக்கத் தேவையில்லை என்று எந்தத் தீர்ப்பில் இருக்கிறது?

இதில் ஒரு தனி மனிதரைப் பிடித்துத் தூக்கில் போடும் எண்ணம் எனக்கு இல்லை. இரவு டியூட்டி சிஸ்டருக்கு அந்த வார்டு முழுக்க ஒற்றை ஆளாகப் பொறுப்பு, அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நான் புரிந்துகொண்ட வரை நடந்தது இதுதான். சர்ஜனின் கண் கேமராத் திரையில். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில், மானிட்டருக்கு முன்னால். கால்களோ பச்சைத் துணிக்கு அடியில். தூக்கி வைத்த டெக்னீஷியன் அடுத்த தியேட்டருக்குப் போயிருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பெரிதாகச் சட்டம் போட்டு உங்கள் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறீர்கள். வெளியே காத்திருந்த நேரத்தில் அதை முழுக்கப் படித்தேன். நோயாளியின் பெயர், ஒவ்வாமை, ஆன்டிபயாடிக், ஊசி எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. உடம்பை எப்படிக் கிடத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பட்டியலை அந்தந்த மருத்துவமனை தன் தேவைக்கேற்பக் கூட்டி எழுதிக்கொள்ளலாம் என்று அதன் அடியிலேயே போட்டிருக்கிறது. நீங்கள் எதையும் கூட்டவில்லை. நரம்புகள் கெடாமல் தடுப்பதற்காக அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2000-இல் வெளியிட்டு 2018 வரை புதுப்பித்த ஆலோசனை, உடல் நிலையைப் பற்றி என்னென்ன செய்தோம் என்று எழுதி வைக்கச் சொல்கிறது. உங்கள் சார்ட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆபரேஷனுக்குப் பின் நரம்புப் பலவீனம், பாதம் தொங்கல்’ என்று போட்டிருக்கிறீர்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் நரம்பு அழுந்தினாலும் பாதம் தொங்கும், அது வேறு கதை, பலருக்கு நாளாவட்டத்தில் தேறும். இவருக்கு நடந்தது அது இல்லை. காலைக் கீறித் திறந்ததும் தசையை வெட்டியதும் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில் காரணமே இல்லாமல் கிடக்கின்றன. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்ற பெயர் எங்கேயும் இல்லை. குடலைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனுக்கு வேறு மருத்துவமனைக்குப் போனபோது, காலுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

நான் கேட்பவை இவை.

புகாரை மறுபடி திறந்து விசாரியுங்கள். உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஓர் எலும்பு மருத்துவரும் ஒரு மயக்க மருந்து நிபுணரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். தியேட்டர் டெக்னீஷியனையும் அன்றிரவு வார்டில் இருந்தவர்களையும் கேட்க வேண்டும், என்னையும் கேட்க வேண்டும். முடிவை எழுத்தில் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி, நடந்ததை அதன் பெயரிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

கால்களை உயர்த்தி வைக்கும் எந்த ஆபரேஷனிலும் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், தாங்கியின் வகை, பொறுப்பாளரின் பெயர் ஆகியவை மயக்க மருந்து சார்ட்டில் ஏற வேண்டும். தொடங்கும் முன் ‘கால்கள் யார் பொறுப்பு’ என்று உரக்கக் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஆள் குரல் கொடுக்கட்டும். இறக்க முடியாத கட்டமாக இருந்தால் ஏன் இறக்கவில்லை என்று எழுதட்டும்.

4 மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்தவர் வார்டுக்கு வந்தால், முதல் நாள் முழுவதும் மணிக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், விரலை வளைத்துப் பார்க்க வேண்டும். எபிடியூரல் இருந்தும் கால் வலி ஏறினால், டியூட்டி டாக்டருக்காகக் காத்திருக்காமல் சிஸ்டரே நேராக எலும்பு டாக்டரை அழைக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

காலைத் திறந்த ஆபரேஷன், தோல் ஒட்டியது, டயாலிசிஸ், கூடுதலாக இருந்த படுக்கை நாட்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பில் போட்டு எங்களிடமே வாங்கினீர்கள். அந்தத் தொகையைத் திருப்பித் தாருங்கள். ஸ்பிளின்ட்டுக்கும் பிசியோதெரபிக்கும் இனி ஆகும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

30 நாட்களுக்குள் பதில் வேண்டும், விசாரித்தவர்களின் பெயர்களோடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 எனக்கு 2 ஆண்டு கால அவகாசம் தந்திருக்கிறது, அது இன்னும் முடியவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் போகிற மனுக்கள் எழுதித் தயாராக இருக்கின்றன. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் தேதி போடுவேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மனைவி